மூதூர்த் தேக்கில் ஏறிய இரும்பு: மரவளையம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்து வளவொன்றில் நின்ற தேக்கு மரம் 2021 ஓகஸ்டில் வெட்டப்பட்டு மரக்காலைக்குப் போனது. அது முன்னரே சரிந்து நின்ற மரம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது வீட்டுக் கூரைப் பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டது. இனி வைத்திருக்க முடியாது என்றுதான் வெட்டினார்கள். அரியும்போது நெஞ்சளவு உயரத்தில் வாள் இரும்பில் பட்டது. உள்ளே இருந்தது ஒரு ஷெல் துண்டு. வாளின் பல் முறிந்தது. அந்த இடத்தைக் குறுக்காக, முழு வட்டத் தட்டாக அறுத்து ஒதுக்கிவிட்டார்கள். விலைக்குப் போகாத அந்தத் தட்டுதான் இந்த ஆய்வின் பொருள்.

ஆய்வின் கேள்வி எளிமையானது. திருகோணமலையின் மழைக்கும் வெயிலுக்கும் வளரும் தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம்தான் போடுகிறதா? இதற்கு உறுதியான பதில் கையில் இல்லாமல், இங்குள்ள மரத்தை வைத்து வறட்சி என்றோ வெள்ளம் என்றோ எதையும் பேச முடியாது. வளையம் ஒன்று தப்பினால் அதற்கு உள்ளே இருக்கிற எல்லா ஆண்டும் தப்பும்.

ஏன் இந்தக் கேள்வி இங்கே கடினம்

குளிர்நாட்டு மரத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. பட்டைக்கு அடியில் புதிய மரத்தைக் கட்டும் மெல்லிய உயிர்ப்படையான மாறிழையம் பனிக்காலத்தில் வேலையை நிறுத்திவிடும், இளவேனிலில் மறுபடி தொடங்கும். அதனால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கோடு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர் இந்தக் கோடுகளை மரத்துக்கு மரம் பொருத்திப் பார்த்து ஒரு துறையையே உருவாக்கினார். அதற்கான ஆய்வுகூடம் அங்கே 1937இல் தொடங்கியது. வெப்பநாட்டில் மாறிழையத்தை நிறுத்துவது குளிர் அல்ல, தண்ணீர்ப் பற்றாக்குறை. வறட்சி தெளிவாக வந்து தெளிவாக முடிகிற இடத்தில் வளையமும் தெளிவாக இருக்கும். இல்லாத இடத்தில் மரத்தின் முகம் ஒரே சீராக, எழுத்தில்லாத பலகையாகக் கிடக்கும்.

தேக்கு இதில் நமக்குக் கிடைத்த பெரிய உதவி. அதன் காழ்க்கலன்கள், அதாவது தண்ணீர் ஏறும் குழாய்கள், வளையத்தின் தொடக்கத்தில் பெரிதாக, வெறும் கண்ணுக்கே தெரியும் துளைகளாக வரிசை கட்டி நிற்கும். வளர்ச்சிக் காலம் முடிய முடிய அவை சிறுத்துப் போகும். ஜாவாத் தேக்கின் வளையங்களை பெர்லாக என்பவர் வரிசைப்படுத்தி 1931இலேயே வெளியிட்டுவிட்டார். கேரளத் தேக்கில் 1481 தொடக்கம் 2003 வரை 523 ஆண்டுக்கு ஒரு தொடர் கட்டப்பட்டிருக்கிறது. 2010இல் வெளியான ஆசியப் பருவமழை வறட்சி வரைபடத் தொகுதி முந்நூறுக்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைச் சேர்த்துச் செய்தது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் வாட்டிய 1876–78 பஞ்சக்கால வறட்சி அதில் விரிந்து தெரிகிறது.

பக்கத்தில்தானே கேரளம், அந்தத் தொடரையே எடுத்து இங்கே பொருத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். பொருந்தாது. கேரளத்துக்கு முதன்மை மழை தென்மேற்குப் பருவத்தில், ஜூன் தொடக்கம் வருகிறது. அதே மாதங்களில் திருகோணமலையில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடித்து மண் வெடித்துக் கிடக்கும். நமக்கு மாரி என்றால் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்த நான்கு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்துக்கு மேல் சூடாகும் ஆண்டுகளில், இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறைவதே வழக்கம். இலங்கையிலோ ஒக்டோபர்–டிசெம்பர் மழை எல் நினோ ஆண்டில் கூடுவதுதான் வழக்கம். அங்கே குறுகிய வளையம் விழ வேண்டிய ஆண்டில் இங்கே அகன்ற வளையம் விழலாம். கேரளத் தொடரைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் தலைகீழாக வாசித்தவர்கள் ஆவோம். நமக்கென்று நம் மரத்திலிருந்தே ஒரு தொடர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. மாரி முடிந்து தை, மாசியில் வானம் வெளிக்கும். அப்புறம் பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் இடியோடு ஒரு மழை வரும். வந்து நின்ற பிறகுதான் நீண்ட வறட்சி. ஆக ஒரே வளர்ச்சிக் காலத்துக்குள் மரம் ஒருமுறை தளர்ந்து, மறுபடி எழுந்து, பிறகு முழுதாக நிற்க இடமிருக்கிறது. அப்படி எழும்போது போலி வளையம் ஒன்று உருவாகும். எண்ணுகிறவர் அதையும் ஓர் ஆண்டாக எண்ணிவிடுவார்.

தட்டில் கண்டது

தட்டை நிழலில் மெதுவாக உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் நடுவிலிருந்து பட்டை வரை வெடித்து, வெடிப்பில் ஓரிரு வளையம் காணாமல் போகும். பிறகு சாண்ட் பேப்பரில் முரட்டுத் தாளிலிருந்து மிக நுண்ணிய தாள் வரை படிப்படியாகத் தேய்த்தோம். முந்திய தாளின் கீறல் முழுதும் மறையும் வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. இந்தப் பொறுமைதான் பாதி ஆய்வு. கலனின் வாயில் மரத்தூள் அடைத்திருந்தால் கணினியில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை.

தச்சர்கள் வெளிறு என்று சொல்லும் வெளிர் நிறப் பட்டி பட்டைப் பக்கம் இருந்தது. அதற்கு உள்ளே பொன்னும் மண்ணிறமுமாக வைரம். ஷெல் துண்டு இருந்த இடத்தில் விரலளவு அகலத்துக்குக் கறுப்புக் கறை பரவியிருந்தது. இரும்பு மரத்தின் தனின் எனும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் வருகிற கறை அது. மரக்காலைக்காரர் இந்தக் கறையைக் கண்டாலே வாளை நிறுத்துவார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மரம் அரிகிற எவருக்கும் இது பழக்கமான விஷயம். சண்டை நடந்த ஊர் மரம் என்றால் விலையைக் குறைத்துத்தான் பேசுவார்கள்.

வளைய எண்ணிக்கையை நான்கு ஆரங்களில் தனித்தனியே செய்தோம். நான்கிலும் ஒரே எண் வரவில்லை. காயப் பக்கத்தில் கூட, எதிர்ப்பக்கத்தில் குறைய. வெப்பநாட்டு மரத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். இந்த இடத்தில் வளையங்களை மட்டும் நம்பியிருந்தால் ஆய்வு நின்றுபோயிருக்கும். மரத்துக்கு வெளியே இருந்து திகதிகள் தேவைப்பட்டன.

ரீச்சர் சொன்ன மூன்று திகதிகள்

வளவுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். மரம் எப்போது வைத்தது என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை.

“கந்தளாய்க் குளம் உடைஞ்ச வருசம், தம்பி. அந்த மாரியிலதான் அவர் கன்று கொண்டுவந்து வைச்சவர்.”

கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20ஆம் திகதி. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த நாளை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. ஆக நடுகை 1986 கடைசியில்.

மரம் எப்போது சரிந்தது என்பது அடுத்த கேள்வி.

“அது புயலில. சுனாமிக்கு நாலு வருசம் முந்தி, அதே திகதி. நத்தாருக்கு அடுத்த நாள்.”

சரியாகச் சொன்னார். 2000 டிசெம்பர் 26ஆம் திகதி ஒரு சூறாவளி திருகோணமலைக்கு அருகே கரையேறியது. சுனாமி வந்தது 2004 டிசெம்பர் 26.

மூன்றாவது திகதியைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டு சனம் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. திரும்பி வந்தபோது கிணற்றடித் தேக்கின் பட்டை பிளந்து, உள்ளே இரும்பு தெரிந்ததாம். “வீட்டுச் சுவரில பட வேண்டியது, மரம் வாங்கினது” என்றார்.

தாவர உடலமைப்பைப் படிக்கிறவர்கள் மாறிழையம் எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று அறிய, உயிருள்ள மரத்தில் ஊசியால் திகதி குறித்துக் காயம் போடுவார்கள். பிறகு அந்த இடத்தை வெட்டி, காயம் வளையத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். வெப்பநாட்டு ஆய்வில் நெடுநாளாக இருக்கிற முறை அது. 2006 ஓகஸ்டில் அந்த வேலையைச் செய்தது ஷெல் துண்டு. அப்படி ஒரு ஊசி யாருக்கும் வேண்டாம். ஆனால் மரம் அதை வாங்கிப் பதிந்து வைத்திருக்கிறது. பதிந்ததை வாசிக்காமல் விடுவது ரீச்சருக்கும் மரத்துக்கும் செய்யும் மரியாதையாக எனக்குப் படவில்லை.

காயம் எந்த இடத்தில்

மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்து மூடுகிறது. மனிதத் தோலில் பழைய செல் போய்ப் புதிய செல் வரும். மரத்தில் பழுதான இடம் அப்படியே உள்ளே இருக்க, அதற்கும் இனி உருவாகும் மரத்துக்கும் நடுவே ஒரு தடுப்புப் படை எழும். அமெரிக்க மரநோயியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து விளக்கிய செயல்முறை இது. காயத்துக்குப் பிறகு மாறிழையம் கட்டும் முதல் படையே அந்தத் தடுப்பு. அதனால் காயம் பட்ட நேரத்தில் மரத்தின் விளிம்பு எங்கே இருந்ததோ அந்தக் கோட்டை அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

எங்கள் தட்டில் அந்தக் கோடு விழுந்த இடம் முக்கியமானது. அதற்கு உட்புறம் வளர்ச்சிக் காலத்தின் கடைசியில் உருவாகும், சிறிய கலன்கள் மட்டும் கொண்ட பின்மரம், முழுமையாக முடிந்த நிலையில் இருந்தது. அதற்கு வெளியே உடனே அடுத்த வளையத்தின் பெரிய கலன் வரிசை. நடுவே வேறு ஒன்றும் இல்லை. ஓகஸ்ட் தொடக்கத்தில் இந்த மரம் அந்த ஆண்டின் வேலையை முடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தது என்றே இதை வாசிக்கிறேன். மரம் வெட்டப்பட்டதும் ஓகஸ்டில்தான். பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் அதே போலப் பின்மரத்தில் முடிந்திருந்தது. இரண்டு வேறு ஆண்டுகள், ஒரே மாதம், ஒரே நிலை.

இதிலிருந்து ஆண்டுக்குப் பெயர் வைக்கும் முறையும் தெளிவானது. மாரியில் தொடங்கும் வளையம் ஜனவரியைத் தாண்டி அடுத்த ஆண்டுக்குள் போகிறது. அதை எந்த ஆண்டின் வளையம் என்பது? தென் அரைக்கோள மரங்களுக்கு மரவளைய ஆய்வாளர் எட்மண்ட் ஷுல்மன் வகுத்த வழக்கம் ஒன்று உண்டு: வளர்ச்சி தொடங்கிய ஆண்டே வளையத்தின் ஆண்டு. நாம் வட அரைக்கோளத்தில் இருந்தாலும் நமக்கு அதுவே பொருந்துகிறது. பெரும்போகத்தை மாரியில் விதைத்து அடுத்த ஆண்டில் அறுக்கும் கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையே இருக்காது.

கணக்கு நேரான விதம்

2000 டிசெம்பர்ப் புயலின் அடையாளம் வேறு வகை. சரிந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும். தேக்கு போன்ற அகன்ற இலை மரங்கள் சரிவின் மேற்பக்கத்தில் இழுவிசை மரம் எனும் சிறப்பு மரத்தைக் கட்டும். அந்தப் பக்கம் வளையம் அகலும். நடுவிலிருந்து ஒரு குறிப்பிட்ட வளையம் வரை வட்டமாக வந்த தட்டு, அதற்குப் பிறகு ஒரு பக்கம் புடைத்துப் போகிறது. புடைப்பு தொடங்குவதும் ஒரு வளையத்தின் நடுவில்தான். டிசெம்பர் கடைசி என்பது மாரியின் நடு. பொருந்துகிறது.

சரி, இப்போது எண்ணலாம். புயல் வளையம் 2000. ஷெல் காயத்துக்கு உட்புற வளையம் 2005. இரண்டையும் சேர்த்து ஆறு வளையம் இருக்க வேண்டும். முதல் எண்ணிக்கையில் எட்டு வந்திருந்தது. காயத்திலிருந்து பட்டை வரை 2006 தொடக்கம் 2020 வரை பதினைந்து இருக்க வேண்டும், பதினாறு வந்திருந்தது. ஆக இந்த இரண்டு துண்டுகளில் மூன்று போலி வளையங்கள். எத்தனை என்று தெரிந்துவிட்டது, எவை என்று கண்டுபிடிப்பதே மீதி.

இங்கேதான் மரத்தின் நுண்ணமைப்பு கைகொடுத்தது. உண்மை வளையத்தின் எல்லையில் மாற்றம் சட்டென்று நடக்கும். பின்மரத்தின் சிறு கலன்களுக்கு அடுத்தே, புடைக்கலவிழையம் எனும் மென்மையான செல்களாலான வெளிறிய பட்டியில் பதிந்த பெரிய கலன்கள் வந்துவிடும். அந்தப் பட்டி தட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடும். போலி வளையத்தில் கலன்கள் படிப்படியாகச் சிறுத்து, படிப்படியாகவே மறுபடி நடுத்தர அளவுக்கு வருகின்றன. பட்டி முழுமையாக இல்லை. விரலை வைத்துச் சுற்றிக்கொண்டு போனால் எங்கோ ஓரிடத்தில் கோடு கரைந்து போகிறது. நான்கு ஆரங்களில் எண் வேறுபட்டதற்கும் இதுதான் காரணம். இந்த இரண்டு அடையாளத்தையும் வைத்துப் பார்த்தபோது சரியாக மூன்று கோடுகள் விழுந்தன. மூன்றும் வளையத்தின் பிற்பகுதியில், சித்திரை மழைக்கு ஒத்த இடத்தில் இருக்கின்றன.

நடுவை ஒட்டிய பகுதியில் இந்த அளவு உறுதி கிடையாது. இளந்தேக்கு மிக வேகமாக வளரும், அந்த மரத்தில் கலன்களின் ஒழுங்கு இன்னும் படிந்திருக்காது. நெஞ்சளவு உயரத்துக்கு வரவும் கன்றுக்குக் காலம் எடுக்கும். நடுகை ஆண்டோடு பெரிய முரண் இல்லை என்பதற்கு மேல் அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்கவில்லை.

2016 வளையம்

திகதி நேரானதும் முதலில் தேடியது 2016ஐ. அந்த ஆண்டு இந்து சமுத்திர இருமுனைவு, அதாவது அந்தக் கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு, வலுவான எதிர்நிலையில் இருந்தது. ஒக்டோபர் தொடக்கம் வர வேண்டிய மழை பொய்த்து, 2017 வரை நீண்ட வறட்சி இலங்கையில் நாற்பது ஆண்டுகளில் காணாத ஒன்று என்று பேசப்பட்டது. பெரும்போகமே பல இடங்களில் விதைக்கப்படவில்லை.

தட்டில் அந்த வளையம் நான்கு ஆரத்திலும் குறுகியிருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கலன்களின் வாய். தொடக்க வரிசைக் கலன்கள் அக்கம்பக்கத்து வளையங்களில் இருப்பதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சிறியவை. ஒரு கலன் கொண்டுபோகும் தண்ணீர் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கோடு ஏறி இறங்கும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதே நேரம் பெரிய கலன் வறட்சியில் காற்றுக்குமிழ் அடைத்துப் பழுதாகிற ஆபத்தும் பெரியது. சிறிய கலன் என்பது அந்த மாரியில் மரம் வாழ்ந்த வாழ்க்கையின் நேரடிப் பதிவு. வளைய அகலமோ பல காரணங்களால் மாறும்: பக்கத்து மரத்தை வெட்டி வெளிச்சம் வந்தால் அகலும், சரிந்தால் ஒரு பக்கம் அகலும், காயம் பட்டால் குறுகும். கேரளத்தின் பரம்பிக்குளத்துத் தேக்கில் முன்மரக் கலன்களின், அதாவது வளையத்தின் தொடக்க வரிசைக் கலன்களின், சராசரிப் பரப்பை அளந்து தட்பவெப்பத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. இங்கும் அந்த வழியே போக வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. காயத்தை ஒட்டி வளரும் மரத்திலும் கலன்கள் சிறுத்துவிடும். 2006 வளையம் காயப் பக்கத்தில் பார்த்தால் கடும் வறட்சி போலவே தோன்றும், எதிர்ப்பக்கத்தில் அது சாதாரண வளையம். எனவே வறட்சி என்று எழுதுமுன் தட்டை முழுதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். மரத்தைத் துளைத்து எடுக்கும் பென்சிலளவுத் துண்டை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. அதனால்தான் இந்த மாவட்டத்தில் முதல் வேலை தட்டுகளில் நடக்க வேண்டும், துளைத் துண்டு பிறகு.

இந்தத் தட்டால் சொல்ல முடியாதது

ரீச்சரின் தேக்கு கிணற்றடியில் நின்ற மரம். குளித்த தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் கோடை முழுக்க அதன் வேருக்குப் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட மரம் சிறு வறட்சிகளை உணர்ந்தே இருக்காது. 2016 அதில் தெரிகிறது என்றால், கிணறே இறங்கிய வறட்சி அது. மழையின் வரலாறு எழுத மேட்டு நிலத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாத மரங்கள் வேண்டும், அவையும் பல மரங்கள். ஒரு மரத்தின் கதை இன்னொன்றில் ஒத்துவரும்போதுதான் அது ஊரின் கதை. இந்தத் தட்டு தந்தது வாசிக்கும் விதியை: வளையம் ஓகஸ்டுக்குள் மூடுகிறது, சித்திரை மழை போலி வளையம் போட வல்லது, இரண்டையும் கலனைப் பார்த்துப் பிரிக்கலாம்.

காட்டில் நிற்கும் பாலை, வீரை, கருங்காலி மரங்கள் தேக்கைவிட வயதில் மிக மூத்தவை. ஆனால் அவற்றின் கலன்கள் சிறியவை, வளையம் முழுக்கப் பரவிக் கிடப்பவை, எல்லை மங்கலானது. அவற்றுக்கு வேறு சான்று வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிர்க்கரியின், அதாவது கதிரியக்கமுள்ள கார்பன்-14இன், அளவு உச்சத்துக்குப் போய், பிறகு ஆண்டுதோறும் இறங்கியது. அந்த உயர்வும் இறக்கமும் மரத்தில் பதிந்திருக்கும். சந்தேகமான சில வளையங்களிலிருந்து மட்டும் சிறு துணுக்கு எடுத்து அளந்தாலே எண்ணிக்கையைச் சரிபார்த்துவிடலாம்.

எனக்கு உண்மையில் ஆசை கொட்டியாரக் குடாவின் கண்டல் மரங்களில்தான். மகாவலி கடலோடு கலக்கும் இடம் அது. 1976இல் பொல்கொல்லத் திசைதிருப்பல், அப்புறம் 1980களில் விக்டோரியா, ரந்தெனிகல என்று மேலே அணைகள் எழ எழ, கீழே வரும் நன்னீரின் காலமும் அளவும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கென்யாவின் காசிக் குடாவில் ரைசோஃபோரா கண்டலை ஆராய்ந்தவர்கள், மழைக்காலத்தில் கலன்கள் ஐதாகவும் வறட்சியில் நெருக்கமாகவும் அமைகின்றன, அந்த மாற்றம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று 2004இல் காட்டினார்கள். உப்பு ஏறிய தண்ணீரில் நெருக்கமான சிறு கலன்கள்தான் மரத்துக்குப் பாதுகாப்பு. அதே பார்வையில் இங்குள்ள பழைய கண்டல் தடிகளைப் பார்க்கலாம். கண்ணா மரத்தை, அதாவது அவிசென்னியாவை, இதற்கு எடுக்கக்கூடாது. அதில் மாறிழையம் ஒன்றன் வெளியே ஒன்றாகப் புதிதாகப் பிறந்துகொண்டே போகும். அழகான வட்டங்கள் தெரியும், ஆனால் அவை ஆண்டுகள் அல்ல.

மரக்காலைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இரும்பு வந்த துண்டை விறகுக்குப் போடாதீர்கள். இரும்புக்கு மேலும் கீழும் நான்கு விரல் விட்டு, பட்டையோடு முழுத் தட்டாக அறுத்தால் போதும். இரும்பை நீங்களாகப் பிடுங்க வேண்டாம். அது வெடிக்காத பொருளாக இருக்குமோ என்ற சந்தேகம் சிறிதளவு வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அறிவிக்க வேண்டும், மரத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். தட்டின் ஒரு முகத்தில் மரம் நின்ற ஊர், வெட்டிய மாதம், நிலத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். மை ஊறிப் பரவும். சரிந்த மரமாக இருந்தால் எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். வளவுக்காரரிடம் மரம் வைத்த ஆண்டையும், இரும்பு ஏறிய ஆண்டையும் கேட்டு வையுங்கள். ரீச்சரைப் போல ஆண்டு எண் சொல்லாமல் குளம் உடைந்தது, புயல் வந்தது என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள், திகதியை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.